அன்வர் பாய் கேட்ட வழித்தடம்

1. பாலத்தில் லாரி நின்ற நாள்

பாலாற்றுப் பாலத்தின் நடுவில் ஒரு டிப்பர் லாரி ஆக்சில் முறிந்து நின்றுவிட்டது. நல்ல வெயில் நேரம். காட்பாடி பக்கத்திலிருந்து வர வேண்டிய டவுன் பஸ் ஒன்றுகூட வரவில்லை. வேலூர் புது பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸில் அப்போது நான்தான் டைம் கீப்பர்.

டைம் ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு மைக், ஒரு ஃபேன். பஸ் வராவிட்டால் திட்டுவதற்கு ஜனங்களுக்குக் கிடைக்கிற முகம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற முகம்தான். டிரைவராக இருந்த என் கணவர் சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார். வாரிசு வேலையில் எனக்குக் கண்டக்டர் பை கொடுத்தார்கள். பல வருஷம் பஸ்ஸில் நின்றே காலத்தை ஓட்டினேன். முதுகு போன பிறகு லைட் டியூட்டி கேட்டு வாங்கி இந்த ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். திட்டு எனக்குப் புதிது இல்லை.

லாரியை இழுத்து ஓரம் கட்டியதும் காட்பாடி பஸ்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்த மாதிரி வரிசையாக வந்தன. முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் ஆள். பின்னால் வந்ததில் எல்லாம் சீட் காலி. கடைசி பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இருக்கிற கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் இறங்கி, ஒரு ஆள் ஒரு அம்மாவை மெதுவாக நடத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தார். அந்த அம்மா புர்கா போட்டிருந்தார். டைம் ஆபீஸ் படியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“ஜாஸ்தி குடிக்கக் கூடாது மேடம். வாய் நனைச்சா போதும்,” என்றார் கூட வந்தவர்.

டயாலிசிஸ் முடித்துவிட்டு வருகிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அவர் பெயர் அன்வர், சொந்த ஊர் ஆம்பூர். அந்த அம்மா அவருடைய மனைவி ஷமீம். ஆம்பூர் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அந்த அம்மாவுக்கு மூச்சு சீராகிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்றார். பிறகு ஜன்னலுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. நாலு பஸ் ஒன்றாக வந்ததே, லாரி நகர்ந்ததும் முதல் பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அங்கேயே கொஞ்சம் பிடித்து வைத்து இடைவெளி விட்டு அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டார். யார் பிடித்து வைப்பது, அங்கே நம் ஆள் யாரும் இல்லையே என்றேன்.

“அதான் மேடம், ஏன் இல்ல?” என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மைக்கை எடுத்து ஆம்பூர் பஸ் நேரத்தை அறிவித்தேன்.

2. வெளியே உட்கார வைத்தால்

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் அவர்களைப் பார்த்தேன். ஆம்பூரிலேயே டயாலிசிஸ் செய்கிற இடம் உண்டு. ஷமீமுக்கு இடம் தேவைப்பட்டபோது அங்கே படுக்கை காலி இல்லை. காட்பாடி ரோட்டில் ஒரு சென்டரில் கிடைத்தது. அங்கிருந்த டாக்டர் அம்மாவின் மேல் அவருக்கு நம்பிக்கையும் வந்துவிட்டது. ரயில் இருக்கிறதே என்று நான் கேட்டேன். ரயில் நேரத்துக்கு டயாலிசிஸ் முடிவதில்லை, முடிந்தாலும் மேம்பாலப் படி ஏற அவளால் ஆகாது என்றார் பாய்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல் தோல், தைக்கிற லைனுக்கு அவர் சூப்பர்வைசர். வாரத்தில் பாதி நாள் லீவு கேட்டால் எந்தக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது. சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, அதே கம்பெனியில் மீதி நாட்களுக்கு மட்டும் செக்கிங் வேலைக்குப் போனார். அதைப் பற்றி அவர் குறையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்தால் நாலு மணி நேரம். கூட வந்தவர்களை உள்ளே விடுவதில்லை. வெளியே வராண்டாவில் உட்கார வேண்டும். ஆரம்பத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு கெட்டுப்போகிறது என்று ஒரு நாள் எழுந்து ரோட்டுக்கு வந்து, முதலில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். பாகாயம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. ஷமீம் உள்ளே படுத்திருக்கிற நேரமெல்லாம் பாய் பஸ்ஸில் இருப்பார். சத்துவாச்சாரி போவார், பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறுவார், எந்த ஸ்டாப்பில் யார் ஏறுகிறார்கள், எங்கே டிரைவர் நிற்காமல் போகிறார் என்று பார்த்துக்கொண்டே வருவார். ஷமீமை வெளியே கொண்டுவருகிற நேரத்துக்குக் கதவுக்கு முன்னால் நிற்பார்.

ஷமீமுக்கு இந்தப் பைத்தியம் தெரியும். ஒரு தடவை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உள்ள எனக்கு ரத்தம் சுத்துதுக்கா. வெளிய இவருக்கு பஸ் சுத்துது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு முடிச்சிக்கிறோம்.”

3. லைன் பேலன்சிங்

எங்கள் டிப்போவில் யார் வேண்டுமானாலும் பஸ்ஸைப் பற்றி யோசனை சொல்வார்கள். என் தெருவுக்கு ஒரு பஸ் விடுங்கள் என்பதுதான் எல்லா யோசனைக்கும் அர்த்தம். அன்வர் பாய் சொன்னது வேறு மாதிரி இருந்தது. அவர் தன் கம்பெனி லைனை வைத்து எங்கள் பஸ்ஸைப் பார்த்தார்.

ஷூ அப்பர் தைக்கிற லைனில் ஒரு டேபிளில் பீஸ் குவிந்துவிட்டால் அடுத்த டேபிள் சும்மா உட்காரும். சூப்பர்வைசர் வேலை என்பது பீஸ் எங்கே குவிகிறது என்று பார்த்து ஆளை மாற்றிப் போடுவதுதான். அதற்கு லைன் பேலன்சிங் என்று பெயர். உங்கள் ஊரில் எல்லா பஸ்ஸும் இரண்டு பஸ் ஸ்டாண்டிலும் போய்க் குவிகிறது மேடம், அங்கே போக வேண்டாத ஜனத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பார். சத்துவாச்சாரியில் இருக்கிறவன் காட்பாடி போக ஏன் ஊர் நடுவுக்கு வந்து ஒரு பஸ் மாற வேண்டும் என்று கேட்பார். நம்பருக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறீர்களே, வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிற ஜனம் இதை எப்படிப் புரிந்துகொள்ளும், போர்டில் எந்த வழி என்று பெரிதாக எழுதக் கூடாதா என்பார்.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வந்த பிறகு சில டிரைவர்கள் பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பில் ஓரம் கட்டாமல் போவது எனக்கும் தெரியும். அதை அவர் கோபத்தோடு சொன்னார். கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடி உட்கார்ந்து போகிறார்கள், பஸ் ஓடுகிற ரோட்டிலேயே அப்படிப் போகிறார்கள் என்றார்.

நான் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு பஸ்ஸை ஓட்ட எத்தனை ஆள் வேண்டும், டியூட்டி நேரம் தாண்டினால் யார் பதில் சொல்வது, ஸ்பேர் பஸ் எத்தனை ஷெட்டில் படுத்திருக்கிறது, காலி பஸ் ஓட்டினால் டீசல் யார் கணக்கு, எல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொள்வார். அடுத்த தடவை வரும்போது நான் சொன்னதையும் சேர்த்து யோசித்துக்கொண்டு வருவார். எனக்கும் ஒரு மாற்றம் வந்தது. வீட்டிலிருந்து டியூட்டிக்கு வரும்போது நான் எப்போதும் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டு வருவேன். அதை விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்று வர ஆரம்பித்தேன்.

4. அவர் சொன்னபடி செய்து பார்த்தது

அவர் சொன்னதெல்லாம் சரி என்று இல்லை. மூன்று பஸ் சேர்ந்து வந்தால் நடு பஸ்ஸைப் பாதி வழியில் திருப்பிவிடலாம், எதிர்ப் பக்கம் காத்திருக்கிறவர்களுக்கு அது சீக்கிரம் கிடைக்கும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் நானும் துணிந்து அப்படிச் செய்தேன். பாகாயம் போக வேண்டிய பஸ்ஸைப் பழைய பஸ் ஸ்டாண்டிலேயே திருப்பச் சொன்னேன். பின்னால் பஸ் வருகிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த பஸ் ஏற்கெனவே நிரம்பி வந்திருந்தது. ஸ்கூல் பிள்ளைகளும், மூட்டையோடு வந்த கீரைக்காரப் பெண்களும் ரோட்டில் நின்றார்கள். கண்டக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு மெமோ வந்தது.

மறுநாள் பாய் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். முகம் சின்னதாகிவிட்டது. எறங்கச் சொன்னா மனுஷனுக்கு இன்னா ஆவும்னு யோசிக்கல மேடம், பீஸ்னு நெனச்சிட்டேன் என்றார். அந்தக் கண்டக்டரிடமும் போய் மன்னிப்பு கேட்டார். மெமோவுக்கு நான் எழுதிய பதிலில் அவர் பேர் வரவில்லை. பஸ்ஸைத் திருப்பச் சொன்னது நான்.

அன்றைக்கு முதல் அவர் பெரிய பெரிய யோசனைகளைக் கம்மி பண்ணிக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

5. ஒரு திருப்பம் மட்டும்

காட்பாடியிலிருந்து வருகிற டவுன் பஸ் கிரீன் சர்க்கிளில் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டு ஊருக்குள் போய்விடும். ஆம்பூர், வாணியம்பாடி போகிற பஸ்கள் புது பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளே நிற்கும். நல்ல உடம்புக்கு அந்தத் தூரம் தெரியாது. டயாலிசிஸ் முடிந்து வருகிற உடம்புக்கு அதுதான் பெரிய பயணம். வெயில், நெரிசல், ரோட்டைத் தாண்ட வேண்டும், எதிரே வண்டி வரும். அந்த சென்டருக்கு மேற்கே இருந்து வருகிறவர்கள் ஷமீம் மட்டும் இல்லை. குடியாத்தத்தில் பவர்லூமில் லுங்கி நெய்கிற பழனி என்று ஒருவர் வருவார். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து ஒரு டீச்சர் அம்மா வருவார். அப்படி இன்னும் சிலர்.

பாய் கேட்டது இதுதான். புது பஸ் வேண்டாம். புது டிரைவர் வேண்டாம். டயாலிசிஸ் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வருகிற காட்பாடி பஸ் மட்டும் புது பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளே வந்து, ஆம்பூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஆளை இறக்கிவிட்டுப் போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நடை, இரண்டு ட்ரிப்தான். ஒரு திருப்பம் மட்டும்.

நானே அவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கிளை மேலாளரிடம் நானே கொண்டுபோனேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. டிரைவராக இருந்து, படித்துப் பரீட்சை எழுதி மேலே வந்தவர். மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு, உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் சர்க்கிளில் மாட்டிக்கொண்டால் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் எல்லா நடையும் தள்ளிப்போகும், அதற்கு எந்த டிரைவர் ஒத்துக்கொள்வான் என்று கேட்டார்.

சம்பத் ஒத்துக்கொண்டார். காட்பாடி லைனில் ரொம்ப நாளாக ஓட்டுகிற டிரைவர். அவருடைய சாப்பாட்டு நேரம்தான் குறையும். பரவால்ல கஸ்தூரி, பத்து வாய் வேகமா சாப்பிட்டா முடிஞ்சுது என்றார். மேலாளர் குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். மேலே என்றால் மண்டல அலுவலகம். அங்கே எங்கள் மனுவைப் போல எத்தனையோ மனு இருந்திருக்கும். வாரம் வாரம் போன் பண்ணிக் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள்.

6. ஷமீம்

அந்தக் கோடையில் ஷமீம் ரொம்ப இளைத்துவிட்டார். முன்பு டைம் ஆபீஸ் படியில் உட்கார்ந்து என்னோடு பேசுவார். தன் அக்கா பிள்ளைகளைப் பற்றி, கம்பெனியில் தான் ஸ்டிச்சிங் வேலை செய்த நாட்களைப் பற்றி, அங்கே சூப்பர்வைசராக இருந்த இந்த மனுஷன் தன் டேபிளில் மட்டும் தினமும் குறை கண்டுபிடித்ததைப் பற்றிச் சொல்வார். குறை சொல்ல வந்து வந்துதான் கல்யாணத்தில் முடிந்தது. இப்போது பேச்சு குறைந்துவிட்டது. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு வியாழக்கிழமை மெயின் ரோட்டில் ஏதோ கூட்டம் என்று ஒரு பையன் ஓடிவந்து சொன்னான். நான் போய்ப் பார்த்தேன். ஷமீம் தரையில் கிடந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நாலு அடி வைத்ததும் கண் இருட்டி விழுந்திருக்கிறார். ஊசி குத்துகிற கையில் கட்டு அவிழ்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பாய் இரண்டு கையாலும் அந்த இடத்தை அழுத்திப் பிடித்திருந்தார். அவர் உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. நான் என் துப்பட்டாவை மடித்துக் கொடுத்தேன். ஆட்டோ பிடித்து சென்டருக்கே திரும்பினோம். வழியெல்லாம் ஷமீம் தலை என் மடியில் இருந்தது. ஒரு தடவை கண் திறந்து, “உங்க துணி பாழாப் போச்சேக்கா,” என்றார்.

அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு உடம்பு தேறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். இன்னொரு தடவை போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பாயின் தம்பி போன் பண்ணினார்.

ஆம்பூருக்கு நானும் சம்பத்தும் போனோம். அவர்கள் தெருவில் ஆட்கள் நிறைய நின்றார்கள். பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து சம்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். டியூட்டியை விட்டுட்டா வந்தீங்க என்று கேட்டார். என் கணவர் போன அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடம் நானும் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். துக்கத்தில் மனுஷன் வாயிலிருந்து என்ன வரும் என்று சொல்ல முடியாது.

7. ஆர்டர் வந்தது

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து கொஞ்ச நாள் கழித்து மண்டல அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்தது. இரண்டு நடை, பரீட்சார்த்தமாக, புது பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து போகலாம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தார். அவருக்கும் ஷமீம் விஷயம் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

அன்வர் பாய்க்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சொல்லாமலும் இருக்க முடியாது. கடைசியில் போன் பண்ணிச் சொன்னேன். அவர் கேட்டார்:

“எத்தன மணி நடை மேடம்?”

நான் மனுவில் எழுதியிருந்த நேரத்தைச் சொன்னேன். அது பழைய நேரம் மேடம், நடுவுல ஷிஃப்ட் மாத்தினாங்க, இப்ப இன்னும் மாறியிருக்கும், தப்பான நேரத்துக்கு விட்டா யாரும் ஏற மாட்டாங்க, ஏறலன்னு சொல்லி நிறுத்திடுவாங்க என்றார். நான் விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. மறுநாளே ஆம்பூரிலிருந்து வந்து அந்த சென்டருக்குப் போய், ஷிஃப்ட் எப்போது முடிகிறது, கட்டுப் போட்டு வெளியே விட எவ்வளவு நேரம் ஆகிறது என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு டைம் ஆபீஸுக்கு வந்தார். ஷமீம் போன பிறகு அவர் அந்தக் கட்டிடத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். அதை அவர் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. நேரத்தைச் சொன்னார், டீ வேண்டாம் என்றார், போய்விட்டார்.

முதல் நாள் சம்பத் பஸ்ஸை உள்ளே திருப்பிக்கொண்டு வந்து ஆம்பூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பழனி இறங்கினார், டீச்சர் அம்மா இறங்கினார், இன்னும் இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள். அவர்களோடு, எந்த வியாதியும் இல்லாத நாலைந்து பேரும் இறங்கினார்கள். எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள், நாம் எங்கே வந்துவிட்டோம் என்கிற மாதிரி. டீச்சர் அம்மா நேராகப் போய் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாய் வரவில்லை. சாயங்காலம் போன் பண்ணி, வந்தாங்களா என்று மட்டும் கேட்டார். வந்தார்கள் என்றேன்.

8. நடை வெட்டு

அந்த பஸ் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. எனக்குத் தெரிந்து டவுன் பஸ் வேலையில் நான் மனசார சந்தோஷப்பட்ட சில விஷயங்களில் அது ஒன்று. ஆனால் வருஷக் கடைசியில் எங்கள் டிப்போவில் வரிசையாக ஆட்கள் ரிட்டையர் ஆனார்கள். புதுசாக ஆள் எடுக்கவில்லை. சம்பத்தும் ரிட்டையர் ஆனார். அந்த லைனுக்கு வந்த டிரைவர்கள் நேரம் பத்தவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. சர்க்கிளில் டிராஃபிக் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. அந்த நடைகளில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், டிக்கெட் கிடையாது. கலெக்‌ஷன் ஷீட்டில் பார்த்தால் அந்த பஸ் எதற்கு ஓடுகிறது என்றே தெரியாது.

மேலாளர் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பழையபடி மெயின் ரோட்டிலேயே போகட்டும் என்றார். நான் சண்டை போட்டேன். இரண்டு நடைதானே சார் என்றேன். டிப்போவில் ஆள் இல்லாமல் முழுசாக நின்றுபோன வழித்தடங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கலவைப் பக்கம் ஒரு ஊருக்கு ராத்திரி பஸ்ஸே கிடையாது என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. இருக்கிற துணி சின்னது, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பக்கம் உடம்பு தெரிந்தது.

இதை போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை வீக் ஆஃப். ஆம்பூருக்குப் போனேன். பாய் மறுபடி முழு நேர வேலைக்குப் போய்விட்டார், லைன் சூப்பர்வைசர் வேலையையே திரும்பக் கொடுத்திருந்தார்கள். ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றேன். பெண்கள் கும்பலாக வந்து வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் நெருக்கியடித்து ஏறினார்கள். தோல் வாசனையும் பேச்சுச் சத்தமுமாக அந்த ரோடே நிறைந்திருந்தது. பாய் கடைசியில் வந்தார். தாடி வெளுத்திருந்தது. பக்கத்துக் கடையில் டீ சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கோபப்படுவார், யாரிடம் மனு கொடுக்கலாம் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அப்படிக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

“அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?” என்றார்.

யாருக்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. நோட்டீஸ் ஒட்டுவோம் என்றேன்.

“நோட்டீஸ யாரு மேடம் படிப்பாங்க. திங்கக்கிழமை ஊசி எடுத்துட்டு வந்து, பஸ் உள்ள போவும்னு நம்பி ஏறி உக்காருவாங்க. ரோட்டுல எறக்கிவிட்டாத்தான் தெரியும். அது தெரியறப்ப வெயில்ல நிப்பாங்க.”

திங்கட்கிழமை காலையில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு அவர் வந்தார். நானும் டியூட்டி மாற்றிக்கொண்டு கூடப் போனேன். நர்ஸுக்கு அவரைத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு ஆள், கையிலிருந்து சிவப்புக் குழாய். பாய் மூன்றாவது படுக்கைக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். அங்கே சின்ன வயசுப் பெண் ஒருத்தி படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஷமீமின் படுக்கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். இன்றைக்கிலிருந்து பஸ் உள்ளே வராது. கிரீன் சர்க்கிளில் இறங்கியதும் நடக்க ஆரம்பிக்க வேண்டாம், கடை ஓரமாக நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, யாரையாவது துணைக்குக் கூப்பிட்டு ரோட்டைத் தாண்டுங்கள். கட்டை இறுக்கிப் போடச் சொல்லுங்கள். பழனி, ஏன் பாய் நிறுத்திட்டாங்க என்று கேட்டார். ஆள் இல்லையாம் பழனி, அவங்க மேல தப்பு இல்ல என்றார் பாய். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சின்னப் பெண்ணிடம் கடைசியில் போனார். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, நீங்க பஸ் ஆபீஸா சார் என்று கேட்டாள்.

“இல்லம்மா,” என்றார். “இங்க வந்துட்டிருந்தவன்.”

ரிட்டையர் ஆகும் வரை நான் அதற்குப் பிறகு எந்த நடையை வெட்டினாலும், ஒட்டின நோட்டீஸோடு விட்டதில்லை. அந்த ஸ்டாப்பில் ஒரு ஆளை நிறுத்திச் சொல்ல வைத்தேன், ஆள் கிடைக்காத நாளில் நானே போய் நின்றேன். டைம் ஆபீஸுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பஸ்ஸை ஓட வைப்பது பல நேரம் நம் கையில் இல்லை. அது வராது என்று, காத்திருக்கிறவர் முகத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்வது நம் கையில் இருக்கிறது. சொல்லிவிட்டுத் திரும்பி வரும்போது கால் கனக்கும். கனக்கத்தான் வேண்டும்.